எண்ணெய்ப் பூச்சி அரித்த பேக்கிங்

தையல்காரருடைய மோட்டார் சைக்கிள் என்ஜினுக்குள் அவருடைய மச்சான் மணலைக் கொட்டிவிட்டார் என்று ஒரு பேச்சு. சலூனில் கிளம்பும்போது அது ஒரு சிட்டிகை மணலாகத்தான் இருந்தது. டீக்கடைக்கு வந்தபோது ஒரு பிடி. பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் மணலோடு சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. ஆற்று மணலா, கட்டட மணலா என்றுகூட யாரோ தீர விசாரித்திருக்கிறார்கள். மச்சான் சொந்தமாக மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவர். எந்த மூடியைத் திறந்து எதைப் போட்டால் எது சாகும் என்பது அவருக்குக் கைவந்த கலையாம். ஸ்பேனரைப் படத்தில்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்படி விளக்கம் சொன்னார்கள். சொந்தத் தங்கை புருஷனுக்கே இதைச் செய்ய என்ன பகை என்று கேட்டால், ஒரு பேன்ட் என்றார்கள்.

பேன்ட் உண்மைதான். மச்சானும் உண்மை. மோட்டார் சைக்கிள் பொட்டென்று போனதும் உண்மை. மணல் எங்கிருந்து வந்தது என்பதுதான் சங்கதி. அதை ஆதியிலிருந்து சொன்னால்தான் சரிப்படும்.

தையல்காரரின் கடை ஒரு செருப்புக் கடைக்கும் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற ஒற்றை அறை. முன்னால் வெட்டும் மேஜை. அதன் பின்னால் தையல் மெஷின். அதற்கும் பின்னால், விளக்கு வெளிச்சம் பாதி எட்டுகிற மூலையில், ஒரு முக்காலி. முக்காலியில் அவர் சம்சாரம். கத்தரியும் மெஷினும் அவருடைய ராஜ்யம். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் அந்த அம்மாள். ஒரு சட்டையில் ஓட்டை என்று ஒன்று விழ வேண்டுமானால் அது அந்த அம்மாள் கையால்தான் விழ வேண்டும். வாழ்நாளில் ஒரு காஜாகூட எடுத்ததில்லை என்பது தையல்காரருக்குப் பெரிய கௌரவம். "டாக்டர் ஆபரேஷன் பண்ணுவாரா, பஞ்சு வைப்பாரா?" என்பார்.

முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அரை இன்ச்' என்று பெயர். எதைத் தைத்தாலும் உள்ளே அரை இன்ச் துணியை மடித்துவிட்டு, அதை ஏதோ சொத்து எழுதி வைத்த மாதிரி சொல்லிக் காட்டுவார்.

"உள்ள அரை இன்ச் விட்டிருக்கேன். நாளைக்கே நீங்க சதை போட்டாலும் கவலையில்ல, பிரிச்சு விட்டுக்கலாம்."

சட்டை பிடிக்கிறது என்று யாராவது வந்து நின்றால் அந்த அரை இன்ச் கண்ணிலேயே படாது. தப்பு சட்டையிலும் இருக்காது.

"அளவெடுத்தன்னிக்கு நீங்க மூச்ச இழுத்துப் பிடிச்சிருந்தீங்க. இப்ப விட்டுட்டீங்க. நான் என்ன பண்ணுவேன்?"

அதாவது, மூச்சு விடுவது வாடிக்கையாளரின் குற்றம்.

இந்த மாதிரி ஒரு பேன்ட்டைத்தான் அவர் மச்சானுக்கும் தைத்துக் கொடுத்தார். மச்சான் அதைப் போட்டுக்கொண்டு பட்டறையில் ஒரு வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மெக்கானிக் என்றால் குந்தித்தானே ஆக வேண்டும்? முன்னால் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை. பேன்ட்டைக் கழுவி, பட்டறை வாசலில் ஆணி அடித்து மாட்டி, கையில் ஒட்டிய கிரீஸை வருகிறவர் போகிறவர் முன்னால் அதில் துடைத்தார். "மாப்ள தைச்சது. கிரீஸ நல்லா உறிஞ்சுது" என்று பாராட்டு வேறு. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. அம்மாள் மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போவார், வருவார். நடுவில் மாட்டிக்கொண்டவர் அவர்தான்.

இனி வண்டி. மரக்கடைக் குமாஸ்தா ஒருவர் ஓட்டி ஓய்ந்து, கண் சரியாகத் தெரியாத வயதில் தள்ளிவிட்ட பழைய வண்டி அது. ஒற்றை சிலிண்டர், தகரத்தை உலுக்கிய மாதிரி சத்தம். அதன் என்ஜின் ஓரத்து மூடியிலிருந்து எண்ணெய் கசியும். நிறுத்திய இடத்தில் எல்லாம் கறுப்பாக வட்டம் போடும். அவர் யார் வீட்டுக்குப் போனார், எவ்வளவு நேரம் உட்கார்ந்து வெட்டிப் பேச்சுப் பேசினார் என்பதை வாசலில் கிடக்கிற வட்டத்தின் அகலத்தை வைத்தே தெரு சொல்லிவிடும். திருடன் பயம் என்று வண்டியைப் பகலிலும் கடைக்குள்ளேயே, துணிகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்துவார். அதைத் திருடுகிற அளவுக்குக் கஷ்டப்பட்ட திருடன் அந்த வட்டாரத்தில் இல்லை என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ஒரு காலையில் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு வெட்டி வைத்த வெள்ளைத் துணி மேஜையிலிருந்து சரிந்து வண்டிக்கு அடியில் விழுந்தது. அம்மாள் அதை எடுத்து விரித்தார். முதுகுப் பக்கம் நடுவில், தட்டு அகலத்துக்குக் கறை.

"ஏங்க, இத எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்ககிட்ட குடுக்கறது?"

தையல்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "திருப்பிப் போட்டுத் தைச்சா தெரியாது."

"அந்தப் பக்கமும் இறங்கியிருக்கு."

"அப்ப மேல ஒரு பாக்கெட் வெச்சு மறைச்சிடு."

"முதுகுலயா?"

தையல்காரர் மறுபடி கத்தரியை எடுத்தார். அப்புறம் அம்மாள்தான் மெல்ல ஆரம்பித்தார். "பேசாம வண்டிய அண்ணன்கிட்ட விட்டுடுங்க. ஒரு பேக்கிங் மாத்தினா நின்னுடும்னு அண்ணன் அப்பவே சொல்லிச்சு."

பேக்கிங் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. என்ஜின் உடம்புக்கும் அதன் மூடிக்கும் நடுவில், எண்ணெய் வெளியே வராமல் இருக்க வைக்கிற அட்டை. கேஸ்கட் என்றும் சொல்வார்கள்.

"உங்கண்ணன்கிட்டயா? அவன்கிட்ட விட்ட வண்டியெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில கெடந்து பேரன் பேத்தி எடுத்துடுச்சு. எப்ப கேட்டாலும் நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் வந்து பேன்ட் ஆகிவிட்டதா என்று கேட்டார். "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டுத் தையல்காரர் விட்ட இடத்தில் தொடர்ந்தார். "அட்டைதானே? அட்டைன்னா வெட்டறது. வெட்டறதுல எனக்கு எவன்டி சொல்லிக் குடுக்கணும்? நானே வெட்டி நானே போடறேன். உங்கண்ணன் வந்து என் கைய மோந்து பாத்துட்டுப் போகட்டும்."

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்ட உடனே, எழுந்திருக்காமலே கையை நீட்டி ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார்.

"இதுக்கு ரெடிமேடாவே வருதுண்ணே. அப்படியே வெச்சு மூடவேண்டியதுதான்."

தையல்காரர் பாக்கெட்டைத் தொடவில்லை. ரெடிமேட் என்ற சொல்லை அவர் காதில் போட்டால் தேளைப் போட்ட மாதிரி. கடைத்தெருவில் கண்ணாடி போட்ட சட்டைக் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, அவருடைய மேஜையில் இருந்த துணி ஒவ்வொன்றாகக் குறைந்திருந்தது.

"எல்லார் வண்டிக்கும் ஒரே அளவா? ஒருத்தன் உடம்பு மாதிரி இன்னொருத்தன் உடம்பு இருக்குமா?"

"அண்ணே, இது உடம்பு இல்ல, என்ஜின். எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது."

"அப்படித்தான் சட்டைக் கடைக்காரனும் சொல்றான். எனக்கு வெறும் ஷீட் குடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

கடைக்காரர் ஷீட்டைச் சுருட்டிக் கொடுத்தார். ஒரு டியூப் பசையும் கொடுத்தார். பக்கத்தில் நின்றவரிடம் கண்ணடிக்கவும் தவறவில்லை.

மறுநாள் கடை பாதி மூடிய ஷட்டருக்குள் வேலை நடந்தது. மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூடி அசையவில்லை. கத்தரியின் கைப்பிடியால் தட்டினார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினார். மூடியோடு உள்ளே கிடந்த எண்ணெயும் சேர்ந்து அவர் மடியில் வந்து விழுந்தது. எண்ணெயை முதலில் வடிக்க வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் உண்டு; அது கத்தரி பிடிக்கிறவர்களுக்குப் பொருந்தாது என்று அவர் நினைத்திருக்கலாம். பழைய பேக்கிங் நல்லவேளையாக முழுசாகவே உரிந்து வந்தது. அதைத் துடைத்து வெட்டும் மேஜையில் விரித்தார்.

அளவுக்கென்று யாராவது பழைய சட்டை கொண்டுவந்து கொடுத்தால் தையல்காரர் அதைப் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. எவன் இந்த லட்சணத்தில் தைத்தான் என்கிற பார்வை. பழைய பேக்கிங்கையும் அப்படித்தான் பார்த்தார். ஷீட்டைக் கீழே போட்டு, அதன் மேல் பேக்கிங்கை வைத்து, சாக்பீஸால் கோடு இழுத்தார். வெளிப்பக்கம் கோட்டின் மேலேயே வெட்டினார். வெளியே தெரிவது நறுக்கென்று இருக்க வேண்டும். உள்பக்கம் வந்தபோது கை தானாகவே கோட்டை விட்டு உள்ளே நகர்ந்தது. அரை இன்ச். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. என்ஜின் நாளைக்குச் சதை போட்டால் பிரித்து விடலாம் என்று இருக்கும்.

போல்ட் போகிற ஓட்டைகளுக்கு மட்டும் புள்ளி வைத்து, ஷீட்டை அப்படியே பின்னால் முக்காலிக்கு நீட்டினார். ஓட்டை என்றால் அந்த டிபார்ட்மென்ட்தானே.

அம்மாள் பிளேடால் ஒவ்வொன்றாக வட்டமாகச் சீவி எடுத்தார். காஜா எடுக்கிற கை. ஓரம் பிசிறாமல் வந்தது. முடித்துவிட்டுப் பழைய பேக்கிங்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏங்க, இங்க சின்னதா இன்னொரு ஓட்டை இருக்கே. நீங்க புள்ளி வெக்கலையே?"

"எங்க?"

"இதோ. மிளகு அளவுக்கு."

தையல்காரர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரமாக, போல்ட் எதுவும் வராத இடத்தில், சின்ன ஓட்டை.

"இதுல போல்ட்டு போகுதா?"

"இல்ல."

"பட்டன் இல்லாத எடத்துல காஜா எடுப்பியா நீ? இது பூச்சி அரிச்சது."

அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "என்ஜினுக்குள்ள பூச்சி எப்படிங்க போகும்?"

"எண்ணெய்ப் பூச்சி."

"எண்ணெய்ல பூச்சி சாவாதா?"

"இது எண்ணெயக் குடிச்சு வாழற பூச்சி. நீ துணிப் பூச்சிய மட்டும் பாத்தவ, உனக்கெங்க தெரியும்? இதனாலதான் இவ்வளவு நாளா எண்ணெய் ஒழுகியிருக்கு. உங்கண்ணன் கண்ணுல இது பட்டுதா? பேக்கிங் மாத்துங்கன்னான். ஏன் மாத்தணும்னு சொன்னானா?"

"எதுக்கும் அண்ணன ஒரு வார்த்த கேட்டுக்கலாமே…"

"கேட்டின்னா பாரு!"

அம்மாள் கேட்கவில்லை. பிளேடைத் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டு சட்டைக்குத் திரும்பினார்.

அந்த மிளகு ஓட்டை வழியாகத்தான் எண்ணெய் பம்பிலிருந்து மூடிக்குள் ஏறி, அங்கிருந்து என்ஜினின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். என்ஜினுக்கு அதுதான் தொண்டை. தையல்காரர் அந்தத் தொண்டையில் புது அட்டையை வைத்து, டியூப் முழுவதையும் பிதுக்கிப் பசையும் தடவி, தூசி போகாமல் மூடினார். எண்ணெயை ஊற்றினார். பிதுங்கி வந்த பசையைத் துணியின் நூல் பிசிறு மாதிரி விரலால் வழித்துச் சீராக்கினார்.

வண்டி கிளம்பியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகுகிற வழியோடு ஓடுகிற வழியையும் சேர்த்து அடைத்தாயிற்றே! ஆனால் அதைக் கடைத்தெரு அறியாதே! தையல்காரர் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, அடியில் துவைத்து மடித்த வெள்ளைத் துணியை விரித்து வைத்தார். போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார்.

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சார். சும்மா பாருங்க, காசா பணமா?"

ஸ்டூடியோக்காரர் குனிந்தார். செருப்புக் கடைக்காரர் குனிந்தார். வழி கேட்க வந்த ஒருவர்கூடப் பாவம் குனிந்து பார்த்துவிட்டு, வழியை வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டு போனார். மாலைக்குள் கடைத்தெருவில் பாதிப் பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இத்தோடு விட்டிருந்தால் வண்டி இன்னும் கொஞ்ச காலம் துணி மேலேயே நின்று பேர் வாங்கியிருக்கும். தையல்காரருக்கு நெஞ்சு ஆறவில்லை. பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லையே!

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மச்சான் பட்டறை வாசலுக்குப் போனார். பட்டறைக்குள் போகவில்லை. எதிரே இருக்கிற நூல் கடைக்குத்தான் வந்தேன் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மச்சான் கூட்டிப் பெருக்கி வைத்த தரையில் வண்டியை நிறுத்தி, அடியில் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தார். பிறகு நூல் கடைக்குப் போய், வாங்க வேண்டிய தேவையே இல்லாத ஊதா நூலை ரொம்ப நேரம் பேரம் பேசினார்.

திரும்பி வந்தபோது மச்சான் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வேறு பேன்ட். பட்டறையில் காத்திருந்த ஒன்றிரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சானே வாயைத் திறந்தார். "மாப்ள, பேக்கிங் நீங்களே வெட்டினதா? வெளி ஓரம் நல்லாத்தான் இருக்கு."

தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்தும் மோவாயை உயர்த்தியே வைத்திருந்தார்.

"ஆனா சத்தம் வர்றப்ப ஒரு மாதிரியா இருந்துச்சே. உள்ள சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், அத வெட்டினீங்களா?"

"பேன்ட்டக் கிழிச்சுக்கிட்டவங்க எல்லாம் ஓட்டையப் பத்திப் பேச வந்துட்டாங்க."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சானுக்கு முகம் சுண்டியது. "சரி, நல்லபடியா போய்ச் சேருங்க" என்று எழுந்து ஆணியில் தொங்கின பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். தையல்காரர் கைக்குட்டையை எல்லாரும் பார்க்கும்படி உதறி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை உதைத்தார்.

மேம்பாலத்தில் ஏறும்போது முதலில் நாற்றம் வந்தது. சட்டை மேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த நாற்றம். யாரோ கடையில் எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்தார். அப்புறம் மெஷினில் ஊசி உடைந்து துணிக்குள் சிக்கினால் வருகிற மாதிரி ஒரு கிறீச்சல். அப்புறம் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நடைபாதையில் சாய்ந்தது. தையல்காரர் பத்திரமாக உட்கார்ந்த நிலையிலேயே தரைக்கு வந்து சேர்ந்தார். உதைத்துப் பார்த்தார். உதைக்கிற கட்டை சுவரை உதைத்த மாதிரி நின்றது. என்ஜின் பிடித்துக்கொண்டுவிட்டது. கியரை விலக்கினார். நேற்று யாரையெல்லாம் குனிய வைத்தாரோ அவர்கள் எல்லாருடைய கடை வாசல் வழியாகவும் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

சலூன் வாசலில் பார்பர் சீப்பும் கையுமாக நின்றார். "என்னண்ணே, நேத்து ஒரு சொட்டு ஒழுகலன்னீங்க?"

"இன்னிக்கும் ஒழுகல" என்றார் தையல்காரர். அது உண்மை.

"அப்புறம் ஏன் தள்றீங்க?"

இந்த இடத்தில்தான் மனிதர் ஒரு நொடி யோசித்தார். "நான் ஒண்ணும் சொல்லல. மச்சான் கடை வாசல்ல கொஞ்ச நேரம் நிறுத்திட்டு நூல் வாங்கப் போனேன். வந்து பாத்தா வண்டிக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு இருந்தான். நல்லபடியா போய்ச் சேருங்கன்னான். அவ்வளவுதான். நான் ஒண்ணும் சொல்லல."

பார்பருக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தலையை வெட்டுகிற நேரத்தில் அவர் ஒரு குடும்பத்தையே வெட்டி ஒட்டுகிற ஆள்.

அடுத்த நாள் தையல்காரர் மூடியைக் கழற்றினார். உள்ளே விட்ட அரை இன்ச் அட்டை, சுழல்கிற சக்கரத்தில் உரசி, சுருள் சுருளாகக் கிழிந்து எண்ணெயில் மிதந்தது. பழைய பேக்கிங்கை எடுத்து மூடியின் மேல் வைத்துப் பார்த்தார். பூச்சி அரித்த இடத்துக்கு நேர் கீழே, இரும்பில் அச்சாக அதே அளவுக்கு ஓர் ஓட்டை. இரும்பை அரிக்கிற பூச்சியைப் பற்றி அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் முக்காலியில் ஊசி நின்றுவிட்டது.

"பூச்சிதானே?" என்றார் அம்மாள்.

தையல்காரர் எண்ணெய்க்குள் விரலை விட்டு எடுத்தார். தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகள் விரல் நுனியில் மினுமினுத்தது. அதை வெளிச்சத்தில் காட்டினார். "இது என்னன்னு பாரு. மணல் மாதிரி இல்ல?"

"எனக்கு இரும்பு மாதிரித்தான் தெரியுது."

"உனக்கு உங்கண்ணன் வீட்டுக் கண்ணு" என்று சொல்லிவிட்டு, அந்த விரலைத் துடைக்காமலே எழுந்து சலூனுக்குப் போனார்.

மணல் பிறந்த கதை இதுதான்.

மச்சான் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு எல்லாம் திடீரென்று சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். தங்களுக்கு ஒரு வண்டி இருப்பதையே மறந்துபோனவர்கள்கூட வந்து, "பரவால்ல, அப்படியே குடுங்க" என்று தள்ளிக்கொண்டு போனார்கள். சும்மா காற்று அடிக்க வருகிறவர்கள்கூட பெட்ரோல் டாங்க்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நின்றார்கள். நல்ல நாளிலேயே மச்சான் சுறுசுறுப்புக்குப் பேர் போனவர் இல்லை. ஆனால் சோம்பேறி மெக்கானிக் பிழைத்துக்கொள்வார், வண்டியைக் கெடுக்கிற மெக்கானிக் பிழைக்க முடியாது. காலியான தரையில், கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் பேன்ட் இல்லை. துடைக்கக் கையில் கிரீஸ் இருந்தால்தானே?

கடைசியில் மச்சான் தங்கையைத் தேடிக் கடைக்கே வந்தார். மேஜைப் பக்கம் திரும்பவில்லை. முக்காலியைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒருத்தனும் என் கையில வண்டி குடுக்க மாட்டேங்கறான்மா. கடைய மூடிட்டு எவன் பட்டறையிலயாவது டயர் கழட்டப் போக வேண்டியதுதான். உன் வீட்டுக்காரர் என்கூடப் பேச வேணாம். அந்தப் பேச்ச மட்டும் நிறுத்தச் சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் தையல்காரர், கத்தரியைப் பார்த்து.

மச்சான் போன பிறகு அம்மாள் கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தார். ஊசியைக் குத்த வேண்டிய இடத்தில் குத்தினார். பிளேடு டப்பாவை மூடினார்.

"இனிமே ஒரு காஜா என் கையால விழாது."

"ஏய், என்னடி இது?"

"அந்த ஓட்டைய நான் காட்டினேன். பூச்சின்னீங்க. எங்கண்ணன் கேட்டுச்சு, அதையும் எடுத்தெறிஞ்சு பேசி அனுப்பினீங்க. எந்த வாய் சொல்லிச்சோ அந்த வாய் சொல்லணும். எந்த எடத்துல சொல்லிச்சோ அந்த எடத்துலயே சொல்லணும். பத்துப் பேரு கேக்கச் சொல்லணும். அதுவரைக்கும் உங்க சட்டைய நீங்களே ஓட்டை போட்டுக்குங்க."

முதலில் தையல்காரர் சிரித்தார். பிறகு வெட்டினார், தைத்தார், அடுக்கினார். சட்டைகள் கழுத்து, கை, பாக்கெட் எல்லாம் வைத்து, ஓட்டை மட்டும் இல்லாமல் மேஜை மேல் ஏறிக்கொண்டே போயின. காஜா எடுக்கிற இன்னொரு பெண் பின்தெருவில் இருந்தாள். அவள் அம்மாளின் சிநேகிதி. தையல்காரர் தலையைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். வேறு வழியில்லாமல் அவரே பிளேடை எடுத்தார். முதல் காஜாவில் பட்டன் நுழைந்தது. நுழைந்து, நிற்காமல் மறுபடி வெளியே வந்தது. அதற்குள் இரண்டு பட்டன் சேர்ந்தே போகலாம். இரண்டாவது காஜா நூல் பிரிந்து பூனை மீசை மாதிரி விரிந்தது. மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம். அந்தச் சட்டையே போய்விட்டது.

பஸ் டிரைவர் ஒருவர் தன் சட்டையை வாங்கிக் கடையிலேயே போட்டுப் பார்த்தார்.

"என்னய்யா இது, மாட்ட எடமே இல்ல?"

"இப்ப இதான் ஃபேஷன். பின் குத்திக்கணும்."

"எனக்கு வண்டி ஓட்டணும்யா, கூத்துல ஆட வேணாம். காஜா போட்டுக் குடு, இல்லன்னா துணிய வெச்சுட்டு வேற எடம் பாக்கறேன்."

டிரைவர் வேறு உட்கார்ந்துகொண்டார். வாசலில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். தையல்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு முக்காலியில் சிலை மாதிரி இருந்தார். தையல்காரர் டேப்பைக் கழுத்தில் இருந்து எடுத்து மேஜையில் போட்டுவிட்டு இறங்கினார்.

சலூனுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு வாசகத்தை உருப்போட்டார். தப்பு யார் மேலும் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் கொடுத்த ஷீட் மட்டம். அது கரைந்து மணலாகிவிட்டது. இதைச் சொன்னால் மச்சானும் தப்புவார், தானும் தப்பலாம். ஷீட்டுக்கு வாய் கிடையாது.

சலூனில் நல்ல கூட்டம். நாற்காலியில் ஒருவர் முகம் பூராவும் நுரையோடு சாய்ந்திருந்தார். பெஞ்சில் ஸ்டூடியோக்காரர், செருப்புக் கடைக்காரர், இன்னும் சிலர். தையல்காரர் உள்ளே வந்ததும் பார்பர் கத்தியை நிறுத்தினார்.

"வாங்கண்ணே, உங்களப் பத்தித்தான் பேச்சு. என்ன இருந்தாலும் உங்க மச்சான் மூளையே மூளை."

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "அது வந்து, அந்த ஷீட்டு…"

"மூடியத் தொறக்கல, போல்ட்டத் தொடல, நீங்க நூல் வாங்கிட்டு வர்றதுக்குள்ள வேலைய முடிச்சிட்டாரே!" என்றார் ஸ்டூடியோக்காரர். "நீங்க ரெண்டு நாளாப் பாத்துப் பாத்துப் போட்ட பேக்கிங்கு. ஒரே நிமிஷத்துல ஊதித் தள்ளிட்டாரு."

"தொழில்காரன்னா தொழில்காரன்தான்யா" என்றது பெஞ்சு.

"இவர் வெட்டுவாரு, அவர் கவுப்பாரு" என்று நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கடை குலுங்கிச் சிரித்தது.

தையல்காரரின் காது சிவந்தது. உருப்போட்ட வாசகம், ஷீட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், எல்லாம் எங்கே போயினவோ. கெடுத்த பேர்கூடத் தன்னை விட்டு அந்தப் பட்டறைக்காரனுக்குப் போகிறதே என்பது ஒன்றுதான் அவர் மண்டைக்குள் நின்றது.

"எவன்டா சொன்னது? மணலாவது மண்ணாங்கட்டியாவது! அவன் என் வண்டி மேல ஒரு விரல்கூட வெக்கல. வெச்சாலும் இப்படிக் கெடுக்க அவனுக்குத் துப்பு கிடையாது. பேக்கிங் வெட்டினது நான். ஓட்டைய அடைச்சது நான். என் வண்டிய நான்தான்யா கெடுத்தேன், ஒருத்தன் தயவும் இல்லாம, என் சொந்தக் கையால!"